இளையோர்க்கென எழுதும் புதினங்கள்

ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூறுதற்கு உரியார் யாவர்? எழுதியவர் கூறலாம், அச்சிட்டு விற்பவர் கூறலாம், பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் மதிப்புரை வரைவோரும் கூறலாம். இளையோர்க்கென எழுதப்படும் புதினங்களைப் பொறுத்தமட்டில் இவர் அனைவரும் கூறியிருக்கின்றனர். இன்றும் கூறி வருகின்றனர். ஒருவர் அவற்றை நஞ்சு என்கிறார். மற்றொருவர் மருந்து என்கிறார். வேறொருவர் பொழுது போக்கும் தின்பண்டம் என்று சொல்லிப் புன்னகை புரிகிறார். உண்டவனை மட்டும் எவரும் கேட்டிலர். பந்தியில் அமர்ந்தவனை விடுத்து, பரிமாறினவரையும் வாயிலில் நின்று பார்த்தவரையும் சுவை எப்படி என்று வினவுவது முறையாகுமா?

பத்தொன்பது வயதினையுடைய யான் அப்பந்தியினின்றும் இப்பொழுதுதான் எழுந்து கை கழுவினேன். படித்த நினைவு மங்குவதற்கு வேண்டிய காலம் இன்னும் கழியவில்லை. படித்ததைச் சீர்தூக்குவதற்கு வேண்டிய தொலைவு சிறிது வந்திருக்கிறது. இன்னும் பத்தாண்டு கழிந்தால் யானும் பெரியோர் கூட்டத்திற் சேர்ந்து, இளையோர் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது என்று சட்டம் வகுக்கத் தொடங்கினும் தொடங்குவேன். ஆதலின் இப்பொழுதே கூறுதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரையலானேன்.

முதற்கண் பெயரை விளக்குவோம். இளையோர் புதினம் என யான் ஈண்டுக் குறிப்பது, ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்னும் பெயரால் வழங்கும் நூல்வகையை. குழந்தைப் பருவம் நீங்கி, முதிர்ச்சி எய்தாது, இடையில் நிற்கும் பன்னிரண்டு முதற் பதினெட்டு வயதினர்க்கு உரியது அது. அமெரிக்க நூலகச் சங்கம் இப்பருவத்தார்க்கெனத் தனிப் பிரிவு ஒன்றை 1957-ம் ஆண்டில் அமைத்தது. பெயர் புதிது, பொருள் புதிதன்று. 1868-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் லூயிஸா மே ஆல்காட் அம்மையார், பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தருக என்று பதிப்பாளர் கேட்க, ‘லிட்டில் விமன்’ என்னும் நூலை எழுதினார். நான்கு உடன்பிறந்த சிறுமியரின் கதை அது. ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் நம் கிறிஸ்தவ இல்லங்களிற் பழகிய பனியனின் நூலைச் சட்டமாகக் கொண்டு, ஒவ்வொரு சிறுமியும் தன் தன் சுமையைச் சுமந்து நடப்பதாக அம்மையார் அக்கதையை அமைத்தார்.

பருவங்களைப் பகுத்துக் காண்பது தமிழராகிய நமக்கும் புதிதன்று. பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக மகளிர் பருவம் ஏழு என நம் பாட்டியல் நூல்கள் வகுத்தன. உலா நூல்கள் அவ்வேழு பருவத்தாரையும் வரிசையாக வீதியில் நிறுத்திப் பாடின. ஆயினும் ஒன்றை நோக்குமின்: பெதும்பையைப் பற்றிப் பாடினரேயன்றிப் பெதும்பை படித்தற்கென ஒருவரும் பாடினாரில்லை. ஒரு பருவத்தைப் பொருளாகக் கொள்வது வேறு. அப்பருவத்தாரை வாசகராகக் கொள்வது வேறு. இளையோர் புதினம் என்பது இவ்விரண்டனுள் பின்னதைச் செய்ய முயல்வது. அம்முயற்சி எவ்வளவிற் பலித்தது என்பதே நம் ஆராய்ச்சி.

இந்நூல்களைப் பழிப்போரும் புகழ்வோரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருசாராரும் நூலின் பொருளைக் கொண்டே நூலை அளக்கின்றனர். கொலை வருகிறது, காதல் வருகிறது, வசை வருகிறது. ஆதலின் தீது என்பர் ஒருசாரார். வாழ்க்கையில் உள்ளனவெல்லாம் மறையாமல் வருகின்றன. ஆதலின் நன்று என்பர் மற்றொரு சாரார். எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. கொலையும் காதலும் நம் சிலப்பதிகாரத்தில் இல்லையா? விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இல்லையா? இருப்பதனால் அவை தீயனவும் ஆகா. இருப்பதனாலேயே நல்லனவும் ஆகா.

யான் கொண்ட உரைகல் வேறு. கதையில் ஒருவன் ஒரு செயல் செய்கிறான். அச்செயலின் விளைவைக் கதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறதா? அன்றி, விளைவு வரும் வாயிலில் ஆசிரியர் வந்து நின்று அதனைத் திருப்பி அனுப்பி விடுகிறாரா? எதற்கு எவ்வளவு விலை என்பதை அறிய விரும்பும் பருவம் எங்கள் பருவம். குழந்தைக்கு விலை தெரியாது. வாங்கித் தருவோர் பிறர். முதியோர் விலையைக் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டனர். இடைப்பட்ட நாங்களே, கையில் முதன்முதலாகச் சிறிது பொருளோடு கடைத்தெருவில் நிற்கின்றோம். நட்புக்கு விலை என்ன? பொய்க்கு என்ன? உண்மைக்கு என்ன? இவற்றை மறைக்காமற் சொல்லும் கதை எங்களை மதிக்கின்றது. மறைக்கும் கதை, எத்துணை இனிமையாயினும், எங்களை ஏமாற்றுகின்றது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். விளைவு என்று யான் கூறுவது தண்டனையை அன்று. பொய் சொன்ன சிறுவன் கிணற்றில் விழுந்தான், பெற்றோர் சொற்கேளாத சிறுமியைப் பாம்பு தீண்டிற்று என்பன போன்ற கதைகளை நாம் இளமையில் நிரம்பக் கேட்டிருக்கிறோம். பொய்க்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு? அங்கே ஆசிரியர் வெளியிலிருந்து ஒரு பிரம்பைக் கொணர்ந்து அடிக்கிறார், அவ்வளவே. தண்டனை கதைக்கு வெளியிலிருந்து வருவது; விளைவு செயலின் உள்ளிருந்து முளைப்பது. வித்துக்கும் மரத்துக்கும் உள்ள உறவு அது.

இவ்வுரைகல்லில் முதலில் உரைத்துப் பார்க்கத் தக்கது ‘தி அவுட்ஸைடர்ஸ்’ என்னும் நூல். புறத்தார் என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்து டல்சா நகரிற் பிறந்த எஸ். இ. ஹிண்டன் என்பவர் எழுதியது. 1967-ம் ஆண்டில் அது வெளிவந்தபொழுது அவருக்கு வயது பதினெட்டு. உயர்நிலைப் பள்ளியிற் படிக்கும்பொழுதே எழுதி முடித்துவிட்டார். ஆண் பிள்ளைகளின் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று மதிப்புரைகாரர் தள்ளிவிடுவரோ என அஞ்சிய பதிப்பாளர், முழுப் பெயரை விடுத்து முதலெழுத்துகளை மட்டும் அட்டையில் இட்டனர். அன்று தொட்டு இன்றுகாறும் இளையோர் புதினத்தின் வரலாறு பேசுவோர் இந்நூலையே தொடக்கமாகக் காட்டுவர்.

கதை சுருக்கமானது. ஓரூரில் வறிய இளைஞர் கூட்டம் ஒன்று, செல்வர் வீட்டு இளைஞர் கூட்டம் ஒன்று; இரண்டுக்கும் தீராப் பகை. தாய் தந்தையரை விபத்தில் இழந்து தமையன்மார் ஆதரவில் வளரும் போனிபாய் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனே கதையைச் சொல்லுகிறான். ஓரிரவில் செல்வர் கூட்டத்தார் அவனை நீரில் அமிழ்த்துகின்றனர். அவனைக் காக்க வேண்டி அவன் நண்பன் ஜானி கத்தியை எடுக்கிறான். எதிரிகளில் ஒருவன் இறக்கிறான். பிறகு நடப்பனவெல்லாம் அந்த ஒரு கணத்தின் விளைவே. இருவரும் ஊரை விட்டோடிப் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் ஒளிகின்றனர். அது தீப்பற்ற, உள்ளே சிக்கிய சிறு குழந்தைகளைக் காக்கின்றனர். ஜானி காயமுற்று மடிகிறான். அவன் சாவைத் தாங்கமாட்டாத மற்றொரு நண்பன் தன் உயிரைத் தானே காவலர் குண்டுக்கு எறிகிறான்.

குழந்தைகளைக் காத்த நற்செயல் முன்செய்த கொலையை அழித்துவிடவில்லை என்பதை நோக்குக. நன்மையும் தீமையும் கழித்தற் கணக்காகச் சரிக்கட்டப்படவில்லை. இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. கொலையுண்டவனும் வெறும் பகைவனாக விடப்படவில்லை. அவன் பெற்றோர் அவனுக்கு ஒருமுறையேனும் ‘கூடாது’ என்று சொன்னதில்லை என்றும், யாரேனும் ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றே அவன் ஏங்கினான் என்றும் அவனுடைய தோழன் கூறும் இடத்தைப் படித்தபொழுது, நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். கண்டிப்புள்ள வீட்டிற் பிறந்த எனக்கு, கண்டிப்பு இன்மையால் ஒருவன் கெடலாம் என்பதை எந்த நீதி நூலும் இவ்வளவு ஆழமாக உணர்த்தியதில்லை. இறுதியில், நடந்ததை நம்ப மறுத்துப் படிப்பையும் விட்டுச் சோர்ந்து கிடக்கும் போனிபாய், ஆசிரியர் இட்ட கட்டுரைக்காகப் பேனாவை எடுக்கிறான். அக்கட்டுரையே இந்நூல். துயரத்தை மாற்ற அவனால் இயலவில்லை, எழுத இயன்றது. இளையோர்க்கு ஓர் இளையோர் தரக்கூடிய ஆறுதல் இதனினும் பெரிது உண்டோ?

நிற்க. விளைவைக் காட்டுக என்று கேட்பாயாயின், அறம் தோற்கும் கதைகளையும் இளையோர் கையிற் கொடுக்கலாமோ என்று பெரியோர் வினவுவர். நல்ல வினா. இதற்கு விடையாக, ராபர்ட் கார்மியர் 1974-ம் ஆண்டில் வெளியிட்ட ‘தி சாக்லேட் வார்’ என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் நிதி திரட்டுவதற்காக மாணாக்கர் ஒவ்வொருவரும் ஐம்பது பெட்டி மிட்டாய் விற்றுத் தரல் வேண்டும் என்று, அங்கே பொறுப்பிலுள்ள துறவி ஒருவர் கட்டளையிடுகிறார். மாணாக்கரை மறைவில் ஆட்டிப் படைக்கும் இரகசியக் குழு ஒன்றும் அப்பள்ளியில் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஜெர்ரி என்னும் மாணவன் பத்து நாள் விற்க மறுத்து நடிக்கவேண்டும் என்பது அக்குழுவின் ஏவல். பத்து நாள் கழிந்தன. பதினோராம் நாள் ஏவுவார் எவருமின்றித் தானாகவே ‘மாட்டேன்’ என்கிறான் ஜெர்ரி. அன்று தொடங்குகிறது அவன் துன்பம். முதலிற் சிலர் வியக்கின்றனர். பிறகு எல்லாரும் விலகுகின்றனர். கடைசியில் பள்ளி முழுதும் கூடி ஆர்ப்பரிக்க, அவன் அடியுண்டு வீழ்கிறான். எதிர்க்க வேண்டியதில்லை, உலகோடு ஒத்துப்போவதே நலம் என்னும் எண்ணத்தோடு அவன் கிடக்கக் கதை முடிகிறது.

பதிப்பகத்தார் பலர் அம்முடிவைப் பொறாது நூலை ஏற்க மறுத்தனர். ஆசிரியரோ முடிவை மாற்ற உடன்படவில்லை. அமெரிக்கப் பள்ளி நூலகங்களினின்றும் நீக்கவேண்டும் என்று மிகுதியாக முறையிடப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. இக்கதை தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. கார்மியருடைய மகன் தன் பள்ளியில் மிட்டாய் விற்க மறுத்துத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று தந்தையார் எண்ணிய எண்ணமே நூலாயிற்று.

இந்நூல் இளையோரின் நம்பிக்கையைக் கெடுக்கும் என்பர். என் கருத்து அதற்கு நேர்மாறானது. கதைக்குள்ளே ஜெர்ரி தோற்றான், படிக்கின்றவன் தோற்கவில்லை. அவனுள் ஒரு கேள்வி எழுகிறது: அடியுண்டவன் ஒருவன், பார்த்து நின்றோர் பலர், அப்பலருள் யான் எங்கே நின்றிருப்பேன்? நல்ல சமாரியன் உவமையைச் சிறு வயது முதற் கேட்டு வருகின்றோம். வழியிற் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரும் சமயப் பணி புரிந்தோர் என்பதையும் கேட்டிருக்கிறோம். கேட்டும், நம்மைச் சமாரியனாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறோம். இப்புதினம் அந்த வசதியைத் தரவில்லை. பார்த்து நின்ற கூட்டத்தின் நடுவே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. ஜெர்ரி வென்றிருந்தால் நாமும் கைதட்டிவிட்டு மறந்திருப்போம். கிறிஸ்தவக் கல்விக்கூடம் ஒன்றிற் கொடுமை நிகழ்வதாக எழுதியது நம் போன்றார்க்கு வருத்தம் தரலாம். வருந்தத்தான் வேண்டும், வருத்தத்தினால் நூலை ஒளிக்க வேண்டும் என்பது பெறப்படாது.

இனி, விளைவு எப்பொழுதும் குருதியோடும் அடியோடும் வருவதன்று. உள்ளத்துக்குள்ளேயே நிகழும் செயலும் உண்டு; விளைவும் உண்டு. 2011-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்னும் நூல் இதற்குச் சான்று. ஷிவான் டவுட் என்னும் எழுத்தாளர் இக்கதையைக் கருக்கொண்டு, எழுதி முடிக்குமுன் 2007-ம் ஆண்டிற் புற்றுநோயால் மறைந்தார். அவர் விட்ட கருவை ஏற்றுப் பாட்ரிக் நெஸ் என்பவர் நூலாக்கினார். கானர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் தாய் புற்றுநோயால் நலிகிறாள். நள்ளிரவு கழிந்து ஏழாம் நிமிடத்தில் ஒரு பெருமரம் பூதவடிவு கொண்டு அவனிடம் வந்து மூன்று கதைகள் சொல்லுகிறது. நான்காவது கதையை நீ சொல்லவேண்டும், அது உண்மையாக இருக்கவேண்டும் என்கிறது. அவன் மறைத்து வைத்த உண்மை யாது? தாயை இழக்கக் கூடாதென்று துடிக்கும் அதே நெஞ்சத்தில், இத்துன்பம் எப்படியேனும் முடிந்தாற் போதும் என்னும் எண்ணமும் இருந்தது என்பதே.

என் பதினைந்தாம் வயதில் எங்கள் பாட்டியார் பதினொரு திங்கள் படுத்த படுக்கையாயிருந்தார். வந்தவர் எல்லாரும் அவர் சுகம்பெற வேண்டுமென்று ஜெபித்தனர். வீட்டார் யாவரும் ‘ஆமென்’ என்றோம். ஆயினும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் ஒன்று, இரவெல்லாம் விழித்திருந்த என் தாயின் முகத்திலும், மருந்துச் சீட்டை மடித்து வைத்த என் தந்தையின் முகத்திலும் இருந்ததை யான் கண்டேன். அன்பு குறைந்ததனால் வந்ததன்று அச்சொல். அன்பு களைத்ததனால் வந்தது. இப்புதினத்தைப் பின்னர்ப் படித்தபொழுது, எங்கள் வீட்டு மௌனத்தை எவரோ படித்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. சிறுவர் நெஞ்சைத் துயரக் கதைகள் கலக்கும் என்கின்றனர். கலங்கிய நெஞ்சோடு வந்து நூலை எடுப்போரும் உளர் என்பதை அவர் மறந்தனர் போலும். அவர்க்கு அந்நூல் துயரத்தைத் தரவில்லை. துயரத்துக்குச் சொற்களைத் தந்தது.

இதுகாறும் நன்று என யான் கருதுவனவற்றைக் கூறினேன். உரைகல்லில் மாற்றுக் குறைந்தனவற்றையும் கூறாவிடின் அது நடுநிலையாகாது. ஸ்டெபெனி மெயர் எழுதி 2005 முதல் 2008 வரை நான்கு தொகுதிகளாக வந்த ‘ட்வைலைட்’ வரிசையை, பள்ளி நாட்களில் என் வகுப்பிற் பாதிப் பேர் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர். பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண் இரத்தம் பருகும் அமரன் ஒருவனைக் காதலித்துத் தானும் அவ்வாறாக விழைகிறாள். இதனைக் காதற்கதை என்பதற்காக யான் குறை கூறவில்லை. அகப்பொருள் பயிலும் மாணாக்கர் காதலைப் பழித்தால் தொல்காப்பியர் முன் நிற்பது எங்ஙனம்? என் குறை வேறு. அவ்வாறு மாறினால் தாய் தந்தையரைப் பிரியவேண்டி வரும், அடக்கமுடியாத குருதி வேட்கையோடு ஆண்டுகள் பல போராடவேண்டும் என்று முன் தொகுதிகள் நம்மை அச்சுறுத்துகின்றன. இறுதித் தொகுதியில் அவள் மாறுகிறாள். வேட்கை அவளை வருத்தவில்லை, தந்தையும் பிரியவில்லை, வருவதாகச் சொன்ன பெரும்போரும் மூளாமலே கலைந்தது. காதலன், குழந்தை, அழகு, அழிவின்மை அனைத்தும் கிடைத்தன, கொடுத்தது ஒன்றுமில்லை. கடைக்காரர் விலையை உரக்கக் கூவிவிட்டு, பொருளை இனாமாகக் கொடுத்தனுப்பியது போன்றது இது. பெற்றவர்க்கு மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாட் கடைக்குச் செல்லும்பொழுது அவர் என்ன எண்ணிக்கொண்டு செல்வார்?

இதனோடு ஸூஸன் காலின்ஸ் அம்மையார் 2008 முதல் 2010 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வரிசையை ஒப்பிடுக. வருங்காலத்துக் கொடுங்கோலரசு ஒன்று, பன்னிரண்டு மாவட்டங்களினின்றும் இவ்விரண்டு இளையோரைக் குலுக்கலில் எடுத்து, இருபத்து நால்வரையும் ஒருவர் எஞ்சும்வரை போரிட்டு மடியச் செய்து, அதனை நாடு முழுதும் காணுமாறு திரையிற் காட்டுகிறது. அவ்விளையோர் வயது பன்னிரண்டு முதற் பதினெட்டு. நூலகங்கள் இளையோர் எனக் குறிக்கும் வயதும் அதுவே! தங்கையின் பெயர் வரவே, அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள் பதினாறு வயது காட்னிஸ். அவள் பிழைக்கிறாள், புரட்சிக்கு அடையாளமாகிறாள், கொடுங்கோல் வீழ்கிறது. ஆனால் எந்தத் தங்கைக்காக முதலடி எடுத்து வைத்தாளோ அத்தங்கை போரின் இறுதியில் மடிகிறாள். அவளைக் கொன்ற குண்டு தன் பக்கத்தாரே வீசியதோ என்னும் ஐயம் காட்னிஸை விடவில்லை. வெற்றிக்குப் பின்னும் ஆண்டுக்கணக்காகத் தீக்கனவுகள் அவளைத் தொடர்கின்றன. வெற்றியையும் அதன் விலையையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டிய இந்நூல் கோடிக்கணக்கில் விற்றது. எனவே, இனிப்பை மட்டுமே இளையோர் விரும்புவர் என்னும் கூற்று பிழையென்பது தெளிவு. இதன் புகழைக் கண்டு இதன் சாயலிற் பின்வந்த நூல்கள் பல, கொடுங்கோலையும் வில்லையும் எடுத்துக்கொண்டு விலையை மட்டும் விட்டுவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. 12 முதல் 17 வயதினர்க்கென்று பதிப்பாளர் குறித்த நூல்களை வாங்குவோர் யாவர் என்று பௌக்கர் என்னும் நூற்சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் 2012-ம் ஆண்டில் ஆராய்ந்தது. வாங்குவோருள் நூற்றுக்கு 55 பேர் 18 வயது நிரம்பியோர். 30 முதல் 44 வயதினர் மட்டுமே விற்பனையில் நூற்றுக்கு 28 பங்கினர். அவரும் பெரும்பாலும் தாம் படிப்பதற்கே வாங்கினர். பெரியோர் இந்நூல்களைப் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. நல்ல நூலுக்கு வயதெல்லை ஏது? ஆனால் வாங்குவோர் எவரோ அவர் சுவைக்கே வணிகம் வளையும். பதினைந்து வயதுச் சிறுமியின் வாயில் முப்பது வயதினரின் நகைச்சுவையும் சலிப்பும் ஒலிக்கும் நூல்களை யான் பல படித்திருக்கிறேன். எங்கள் பெயர் எழுதிய அலமாரியில், இழந்த இளமையை நினைத்து ஏங்குவோர்க்கான பண்டம் நிறையுமாயின், நாங்கள் எங்கே போவது?

ஆதலின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நூலை அலமாரியினின்றும் நீக்குமுன் அதனை முழுவதும் படியுங்கள்; ஒரு பக்கத்தைக் கோடிட்டு நீட்டாதீர்கள். படித்தபின் எங்களோடு உரையாடுங்கள். ஆல்காட் அம்மையாருடைய முதற்பகுதியைப் படித்த சிறுமியர், கதைத் தலைவி ஜோ அண்டை வீட்டு லாரியையே மணக்கவேண்டும் என்று கடிதமேல் கடிதம் விடுத்தனர், அம்மையார் இணங்கவில்லை. கலிபோர்னியாவிற் பள்ளி மாணாக்கர் சிலர் தம் நூலகருடன் சேர்ந்து, ‘தி அவுட்ஸைடர்ஸ்’ கதையைத் திரைப்படமாக்குமாறு இயக்குநர் கொப்பொலாவுக்குக் கையொப்பமிட்டு எழுதினர், அவர் இணங்கினார், 1983-ம் ஆண்டிற் படம் வெளிவந்தது. இணங்கினும் இணங்காவிடினும், இரண்டிடத்தும் இளைய வாசகர் பேசினர். எழுதுவோர் காது கொடுத்தனர். அந்த அளவே நாங்கள் வேண்டுவது.

நம் தமிழின் நிலை யாது? சிறுவர்க்கு அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் வாரி வழங்கினர். 1947-ம் ஆண்டில் அம்புலிமாமாவும் 1972-ம் ஆண்டிற் கோகுலமும் தோன்றிப் பல தலைமுறைகளை வளர்த்தன. அவற்றை விட்டிறங்கியதும் ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஒரே தாவாகத் தாவுகின்றோம். தாவியது இன்பமே, ஆயினும் இடையிற் படிகள் குறைவு. இருக்கும் படிகளுள் ஒன்றை இங்கே நன்றியுடன் குறிப்பேன். இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ என்னும் சிறு நூல், அறிவியல் நூலொன்றன் முன்னுரை போல, ஓர் ஆசிரியையின் வாய்மொழியாக அமைந்தது. ஓயாமற் கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி ஒருத்தி, அடியின் வலி தெரியாதிருக்க மருந்தொன்றைத் தன் உடலிற் செலுத்திக்கொண்டு மடிகிறாள். ஒரு கேள்விக்கு விடை சொல்லாமையின் விளைவு எத்துணைப் பெரிது என்பதை அதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அவ்விளைவைச் சுமப்போர் பெரியோர் என்பதும் அந்நூலின் சிறப்பு. நம் மொழியில் இது முடியும் என்பதற்கு அதுவே கரி.

என் உடன் மாணாக்கரே! இத்தகைய நூல் ஒன்றல்ல, நூறு வேண்டும். ஆங்கிலத்தில் வருவனவற்றைப் படித்து, அங்குள்ள நீர்வீழ்ச்சிகளையும் பனிமழையையும் கனவு கண்டது போதும். விடுதி அறையிற் சாதிப் பெயர் கேட்கப்படும் பொழுது வரும் மௌனத்தை யார் எழுதுவார்? பொறியியலே படிக்கவேண்டும் என்ற தந்தையிடம் தமிழ் படிப்பேன் என்று சொல்ல எடுத்த ஓராண்டை யார் எழுதுவார்? முதற் சம்பளத்துக்காகப் பள்ளியை விட்டுப் பனியன் ஆலைக்குச் சென்ற வகுப்புத் தோழியை யார் எழுதுவார்? ஹிண்டன் தம் நூலை எழுதத் தொடங்கிய வயதை நாம் கடந்துவிட்டோம். எழுதுங்கால் ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். நம்மினும் இளையோர் நம் கடைக்கு வருவர். கையில் உள்ளது சிறு பொருளே. அவர்க்கு விலையை உள்ளவாறு சொல்லுவோம்.